வலது தோளில் வைத்த பூ

செம்பாறைக் கரட்டு உச்சியில் இருக்கும் மடத்தில் பதினோரு வருடம் ஒரே ஒரு சீடர்தான் இருந்தார். வகுப்பில் இருப்பதே ஒரு மாணவன் என்றால் முதல் ரேங்க் அவனுக்குத்தானே. சென்னியப்பனுக்கும் அப்படி நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு காளியண்ணன் வந்து சேர்ந்தான்.

சென்னியப்பன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தொன்பது. குருவுக்கு ஐம்பதுதான். குரு ஒரு காலத்தில் தாராபுரம் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கரடு ஏறியவர், இறங்கவே இல்லை. ஊரும் அவரைக் கண்டக்டர் சாமி என்றே கூப்பிட்டது. சந்நிதி வாசலில் கூட்டம் நெருக்கினால் இன்றைக்கும், "உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது" என்பார்.

தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரைக் குருவாக ஏற்றதை சென்னியப்பன் தம் பணிவுக்கு அடையாளமாக வைத்திருந்தார். யாராவது அதைக் கவனிக்கத் தவறினால் அவரே எடுத்துச் சொல்வார்.

மடத்தில் அவருக்கென்று ஒரு வேலை உண்டு. விடியும் முன் குளித்து, சந்தனம் அரைத்து, செம்பாறை அம்மனுக்கு அலங்காரம் செய்வது. எந்தத் தோளில் எவ்வளவு சந்தனம் நிற்கும், விளக்குச் சூட்டுக்கு எது முதலில் காயும், எந்த மடிப்பில் பூ நிற்காது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். தேவாரம் முழுப் பதிகமாகச் சொல்வார். தியானத்தில் உட்கார்ந்தால் முதுகு வளையாது. இவ்வளவும் இருந்தும், அம்மன் என்று ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாளா என்ற சந்தேகம் மட்டும் பதினோரு வருடமாகப் போகவில்லை. அதை அவர் குருவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

காளியண்ணனுக்குப் பதிகமும் தெரியாது, சந்தேகமும் கிடையாது. மூட்டை தூக்குகிறவன். மடத்துக்கு அரிசி மூட்டை ஏற்ற வந்தவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு நாள் படுத்திருந்தான். ஐந்தாம் நாள் எழுந்து, சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூச்சமாக இருக்கிறது என்று அடுப்படிக்குப் போனான். அப்புறம் அங்கேயே தங்கிவிட்டான். தியானத்தில் உட்கார வைத்தால் மூன்றாவது நிமிடம் குறட்டை வரும்.

இப்படிப்பட்டவனைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்? சென்னியப்பனும் படவில்லை. பாவாத்தாள் வந்து அழுகிற வரைக்கும் படவில்லை.

பாவாத்தாள் அடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருப்பவள். திருப்பூரில் இருக்கும் மகன் இரண்டு வருடமாகப் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மடத்துப் பந்தியில் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள். காளியண்ணன் சாம்பார் வாளியோடு வந்தான்.

"அழுதுட்டே தின்னா ஒடம்புல ஒட்டாதுங்கக்கா. சாப்புடுங்க, வருவான்" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகன் வந்துவிட்டான். ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை நீக்கக் கையெழுத்து வாங்கத்தான் வந்தான். எதற்கு வந்தால் என்ன, வந்தது வந்ததுதானே. பாவாத்தாள் அன்றைக்குத் தேங்காய் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கையெழுத்து விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆடி முடிவதற்குள் கரட்டின் கூட்டம் இரண்டு மடங்கானது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார்கள். காளியண்ணன் கையால் ஒரு கரண்டி சோறு வாங்கி, "வருமா? கெடைக்குமா? நடக்குமா?" என்று கேட்டார்கள். அவனும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்.

"மொதல்ல சாப்புடுங்க. எல்லாம் நடக்கும்."

சென்னியப்பனுக்குத் தூக்கம் போயிற்று. வயிற்றில் எரிச்சல் என்று முதலில் நினைத்தார். சுக்குக் கஷாயம் குடித்துப் பார்த்தார். கஷாயம் கேட்கிற எரிச்சலா அது?

குருவிடம் போனார்.

"சாமி, இது சரியில்லீங்க. சனங்களை ஏமாத்தற வேலை."

"யாருங்க ஏமாத்தறது?"

"அவன் ஏமாத்தலைங்க, பாவம், அவனுக்கு அந்த அளவுக்கு மூளை ஏது? சனங்களே ஏமாந்துக்கறாங்க. நூறு பேருகிட்ட நடக்கும்னு சொன்னா, பத்துப் பேருக்காவது தன்னால நடக்கும். அந்தப் பத்துப் பேரு வந்து கும்புடுவான். மீதித் தொண்ணூறு பேரு படியேறி வந்து, எனக்கு நடக்கலைன்னு சொல்லுவானா? வீட்டுலயே கெடப்பான். அதனால பாக்கறவங்களுக்கு நடந்தது மட்டும்தான் தெரியும்."

"ஆமாங்க."

"ஒருத்தி சொன்னதைப் பத்துப் பேரு சொல்ல, பத்துப் பேரு சொல்றதால நெசமாத்தான் இருக்கும்னு நூறு பேரு வாராங்க. யாரு தள்ளுறாங்கன்னு யாருக்கும் தெரியறதில்லை. ஆனா எல்லாரும் தள்ளிட்டுத்தான் இருக்கறாங்க."

"நெறஞ்ச பஸ்ஸு மாதிரி" என்றார் குரு.

"அதேதானுங்க. இதுக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம்?"

"நல்ல பாடமுங்க வாத்தியாரே. இதை மறந்துராதீங்க."

சென்னியப்பன் காத்திருந்தார். குரு எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் சாம்பார் சோறு வாங்கிவந்து அவர் முன் வைத்தார்.

"நேத்துலருந்து நீங்க சாப்புடலை. சாப்புடுங்க."

சாப்பிட்டார். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

புரட்டாசியில் குரு ஒரு சேதி சொன்னார். ஐப்பசி அமாவாசையன்று கிளம்பி ஒரு வருடம் கால்நடையாகப் போகப்போகிறார். எங்கே என்று கேட்டதற்கு, "ரூட்டு இன்னும் போடலைங்க" என்றார்.

அப்படியானால் காலையில் திருநீறு கொடுப்பது யார்? அது குருவின் கை மட்டுமே செய்த வேலை. அம்மன் முன்னால் நின்று, வருகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் இட்டுவிட வேண்டும். ஒரு வருடம் அந்தத் தட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மடம்.

சென்னியப்பனுக்கு அதில் சந்தேகமே இல்லை. பதினோரு வருடம், பதிகம், வளையாத முதுகு. ஆனால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பாவாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வாத்தியாரய்யா பெரியவருதான், இல்லைங்கலை. ஆனா காளியண்ணன் வாக்குப் பலிக்குதுங்களே. அம்மங்கிட்டயே பூ வாக்குக் கேட்டர்லாங்க சாமி."

அந்தப் பக்கத்தில் அது வழக்கம். கல்யாணம் என்றாலும் கிணறு என்றாலும் பூ வாக்கு கேட்காமல் தொடங்க மாட்டார்கள். அம்மன் தோளில் சந்தனம் தொட்டு அரளிப்பூவை ஒட்டி வைப்பார்கள். ஆள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு தோள். எந்தப் பூ முதலில் விழுகிறதோ அவருக்கு உத்தரவு. ஒரு நாழிகையிலும் விழும், அரை நாளும் ஆகும். அதுவரை யாரும் நகர மாட்டார்கள்.

"கேக்கலாங்க. வர்ற பௌர்ணமிக்கு வெச்சுக்கலாம்" என்றார் குரு. பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். "தெனமும் அலங்காரம் பண்றது நீங்கதான். பூவையும் நீங்களே வெச்சுருங்க."

பௌர்ணமி அன்று விடியலில் சென்னியப்பன் தனியாகச் சந்தனம் அரைத்தார்.

வலது தோள் அவருடையது, இடது தோள் காளியண்ணனுடையது என்று முடிவாகியிருந்தது. இரண்டு கிண்ணம் எடுத்துக்கொண்டார். ஏன் இரண்டு என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிண்ணத்தில் சந்தனத்தை வழித்து வைத்தார், கெட்டியாக, வெண்ணெய்ப் பதத்தில். அது பொழுது சாய்கிற வரைக்கும் ஈரம் விடாது. மற்றதில் தண்ணீர் ஊற்றினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கூடிப்போயிற்று என்று அவருக்கே தெரிந்தது. கை நின்றது.

இந்த இடத்தில் மனம் ஒரு வேலை செய்தது. அது திருட்டு வேலை என்று நான் சொல்ல மாட்டேன். திருடனுக்குத் திருடுகிறோம் என்று தெரியும். மனம் அவரிடம் மரியாதையாகத்தான் பேசியது. தண்ணீர் கூடினால் என்ன? நிஜமாகவே அம்மன் என்று ஒருத்தி இருந்து, அவளுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால், அவள் பூவைப் பிடித்து நிறுத்திக்கொள்ள மாட்டாளா? கேவலம் அரைக் கரண்டித் தண்ணீரா அவளை ஜெயித்துவிடும்? விழுந்தால், அவள் விழவிட்டாள் என்றுதானே பொருள்?

சென்னியப்பனுக்கு நெஞ்சு லேசாயிற்று. கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்ப் பூவை வைத்தார்.

கூட்டம் வெளி மண்டபம் வரை நின்றது. காளியண்ணன் தூணோரம் நின்று, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பதிகம் வாயில் வந்ததே தவிர நெஞ்சில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. எனக்கு. எனக்கு. எனக்கு.

வெயில் படியேறும் முன்பே வலது பூ விழுந்தது.

குலவைச் சத்தம் கரட்டையே அசைத்தது. பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள். சென்னியப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் பொய்யே இல்லை. அதுதான் இந்தக் கதையில் பயமான விஷயம்.

பிற்பகலில் குருவிடம் வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"சாமி, எனக்குப் பதினோரு வருசமா ஒரு சந்தேகம் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க. அவ இருக்கறாளா இல்லையான்னு."

"இன்னிக்கு அது போயிருச்சுங்க. அவ இருக்கறா."

குரு அவர் பக்கம் திரும்பினார்.

"பதினோரு வருசத்துச் சந்தேகம். நல்லா வெளஞ்சிருக்கும். இன்னும் கொஞ்ச நாளு வெச்சிருந்திருக்கலாமுங்க."

சென்னியப்பன் சிரித்தார். குரு விளையாடுகிறார் என்று நினைத்தார்.

மறுநாளிலிருந்து திருநீற்றுத் தட்டு அவர் கைக்கு வந்தது. குரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அமாவாசைக்குப் பதினைந்து நாள் இருந்தது.

இரண்டாம் நாள் பாவாத்தாள் சொன்னாள்.

"பூ விழறப்ப மணி தன்னால அடிச்சுதுங்களே, கேட்டீங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். அப்படியொன்றும் நினைவில்லை. மூன்றாம் நாள் வேறு யாரோ அதையே சொன்னார்கள். நான்காம் நாள், வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவரே சொன்னார்.

"மெல்லிசா ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். எனக்கு மட்டும்தான் கேட்டுதுன்னு நெனச்சேன்."

அந்தத் தண்ணீர் அதற்குள் அவர் நினைவிலேயே இல்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது. மறைத்திருந்தால், மறைத்தது நினைவிருக்கும்.

எல்லாம் கிடைத்தது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

சனங்கள் அவரிடம் திருநீறு வாங்கினார்கள், கும்பிட்டார்கள், பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். அவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். இங்கே வாய் திறக்காதவர்கள் அங்கே போய்ச் சிரித்துப் பேசுவார்கள். ஒரு கிழவர் அங்கே பாட்டே பாடினார். அம்மன் உத்தரவு இவருக்கு. அப்புறம் அங்கே என்ன வேலை?

அதையும் தாங்கிக்கொள்ளலாம். காளியண்ணனைத்தான் தாங்க முடியவில்லை. தோற்றவன் அழ வேண்டாமா? அழாவிட்டாலும் முகமாவது வாட வேண்டாமா? அவன் தினமும் முதல் ஆளாக வரிசையில் வந்து நெற்றியை நீட்டினான்.

"வாத்தியாரய்யா கையால வாங்குனா ஒரு தெம்புங்க" என்றான். சோற்றுக் கரண்டியோடு ஓடிவிட்டான்.

நடிக்கிறான் என்று ஒரு நாள் தோன்றியது. நடிக்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. இரண்டில் இதுதான் அதிகம் வலித்தது. தட்டு தன் கையில் இருக்கும்போது, தட்டைப் பற்றிய நினைப்பே இல்லாதவனைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவானா என்று கேட்டால், படுவான். சென்னியப்பன் பட்டார். பூ விழும் முன் பட்டதைவிட அதிகமாகப் பட்டார்.

பன்னிரண்டாம் நாள் குருவிடம் போனார்.

"காளியண்ணனை அனுப்பிச்சர்லாமுங்க சாமி."

"எங்கீங்க?"

"எங்கயாவது. அவன் இங்க இருக்கறது மடத்துக்கு நல்லதில்லை. சனம் ரெண்டாப் பிரியுது."

"உங்களுக்கு அவன் மேல கோவமுங்களா?"

"சேச்சே, எனக்கென்னங்க கோவம்? மடத்து நன்மைக்குத்தான் சொல்றேன். நீங்க என்னை நம்ப வேண்டாம். அம்மங்கிட்டயே கேட்டர்லாம். வலது பூ விழுந்தா அவன் இருக்கட்டும். இடது பூ விழுந்தா போயிரணும்."

"அவளே முடிவு பண்ணட்டும்ங்கறீங்க."

"அவளே பண்ணட்டும். எனக்கு இப்ப அவ மேல முழு நம்பிக்கை."

"சரிங்க. அமாவாசை அன்னிக்குக் கேட்டுட்டே நான் கெளம்பறேன்."

அமாவாசைக் காலை. கூட்டம் பௌர்ணமியைவிடப் பெரியது. குரு பயணத்துக்கு ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். விஷயம் பரவியிருந்தது. அடுப்படி விசுவாசிகள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள். காளியண்ணன் மட்டும், "போகச் சொன்னா போயிட்டுப் போறனுங்க. ஒலை வெச்சிருக்கறேன், அது கொதிக்கறதுக்குள்ள முடிஞ்சுருமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் உள்ளேயிருந்து வந்தார். கையில் இரண்டு கிண்ணம். ஒன்றில் கெட்டிச் சந்தனம், ஒன்றில் தண்ணீர்ச் சந்தனம். எப்போது கரைத்தோம் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மனம் மறந்துபோனதைக் கை மறக்கவில்லை.

"அதை அப்படி ஓரமா வெச்சுருங்க வாத்தியாரே" என்றார் குரு.

"ஏனுங்க சாமி?"

"இன்னிக்குப் பூவைக் காளியண்ணன் வைக்கட்டும். போறதா இருக்கறதாங்கறது அவன் விசயம்தானுங்களே."

ஒரு சந்தன உருண்டையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் குரு காளியண்ணனிடம் கொடுத்தார். காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்குச் சோற்றுப் பதம் தெரியுமே தவிர சந்தனப் பதம் தெரியாது. உருண்டையைக் கிண்ணத்தில் போட்டுச் சொம்பைச் சாய்த்தான். தண்ணீர் கடகடவென்று விழுந்தது.

"டேய்! தண்ணியக் கொறடா!"

மண்டபம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. தலைமையாசிரியர் குரல், சும்மாவா?

காளியண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "ஏனுங்கய்யா?"

"ஏனாவது! தண்ணி கூடுனாச் சந்தனம் சீக்கிரம் காஞ்சு பூ விழுந்துரும். எந்தத் தோளுக்குத் தண்ணி ஜாஸ்தியோ அந்தப் பூதான் மொதல்ல விழும். இந்தத் தந்திரம் எங்கிட்டயே நடக்குமா? வலது தோளுக்கு அதை வெச்சு, இங்கயே ஒக்காந்துக்கலாம்னு பாக்கறயா?"

காளியண்ணன் கிண்ணத்தைப் பார்த்தான், சொம்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்களே அய்யா. உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

அவன் கேட்டதில் குத்தல் இல்லை. தெரியாதவன் வாத்தியாரிடம் கேட்பது போலத்தான் கேட்டான்.

சென்னியப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஓரமாக வைத்திருந்த இரண்டு கிண்ணங்கள் கண்ணில் பட்டன. ஒன்றில் வெண்ணெய்ப் பதம், ஒன்றில் மோர்ப் பதம். பௌர்ணமி விடியல், நின்ற கை, அரைக் கரண்டித் தண்ணீர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மணிச் சத்தம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

முகமெல்லாம் வேர்த்தது. இவ்வளவு பேர் முன்னால் மானம் போயிற்று என்று நினைத்தார். கல்லெறிவார்களோ என்றுகூட நினைத்தார்.

அப்போது பாவாத்தாள் வீலென்று கத்தினாள்.

"ஆத்தா! கேட்டீங்களா எல்லாரும்? தப்பு நடக்கறதுக்கு முன்னாலயே அம்மன் வாத்தியாரு வாயில வந்து சொல்லீட்டா! பச்சை மனுசனுக்கு இதெல்லாம் தெரியுமா? கண்ணைப் பாருங்க, வேர்வையைப் பாருங்க!"

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பின்னால் நின்றவர்கள் விழுந்தார்கள். அவர்கள் விழுந்ததைப் பார்த்து அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் விழுந்தார்கள். அடுப்படி விசுவாசிகளும் விழுந்தார்கள்.

"இல்லைங்கம்மா, எந்திரிங்க" என்றார் சென்னியப்பன். "அம்மன் இல்லைங்க. நான்தான். போன தடவை தண்ணி ஊத்துனது நான்தான். வேணும்னேதான் ஊத்துனேன். எனக்குப் பொறாமை. அவனைப் பாத்தாப் பொறாமை."

"ஆத்தா தன்னையே தாழ்த்திப் பேசறா பாருங்க!" என்று யாரோ விம்மினார்கள்.

"மணி அடிக்கவே இல்லைங்க!"

"இப்ப அடிச்சுதுங்க சாமி! எங்களுக்குக் கேட்டுது!"

அவர் தேங்காய் பழத் தட்டுகளுக்கு நடுவே நின்றார். பதினோரு வருடம் இதற்காகத்தானே ஏங்கினார். இப்போது ஒவ்வொரு கும்பிடும் அவர் மேல் அறை விழுவது போல விழுந்தது.

அடுப்படியிலிருந்து தண்ணீர் பொங்கி அடுப்பில் விழும் சத்தம் கேட்டது. காளியண்ணன் எழுந்தான்.

"ஒலை பொங்குதுங்க. நான் போறதா இருக்கறதான்னு அப்பறமாச் சொல்லுங்க" என்று ஓடினான்.

சென்னியப்பன் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார். குரு படியில் ஒரு கால் வைத்திருந்தார்.

"சாமி, இதை வாங்கிக்கங்க. அவன் கையில குடுங்க."

"அவனுக்குக் கையொழியாதுங்களே. ஒரு கையில கரண்டி, ஒரு கையில வாளி."

"அப்ப நான் என்னங்க பண்றது? நெசத்தைச் சொல்றேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்களே."

"நீங்களே பதினஞ்சு நாளு அதை நம்பலை. அவங்க இப்பத்தானுங்களே கேட்டாங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?"

"முப்பது வயசு வரைக்கும் பஸ்ஸுல நின்னவனுங்க நான். ஆளு ஏறுறப்பவே எறங்கற எடம் தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சுமா என் கையில பூவைக் குடுத்தீங்க?"

"வேற யாரு கையிலயாவது குடுத்து, உங்க பூ விழாமப் போயிருந்தா, காளியண்ணன் மேல இருந்த கோவம் அம்மன் மேலயும் போயிருக்குமுங்க."

சென்னியப்பன் திரும்பி உள்ளே பார்த்தார். அம்மன் தோளில் இன்று பூ இல்லை, சந்தனம் இல்லை. வெறும் கல்லாக, விளக்கு வெளிச்சத்தில், எப்போதும் இருப்பது போல இருந்தாள். அந்தப் பழைய சந்தேகம் அவரிடம் திரும்பி வந்தது. சந்தேகத்தோடு வரத் தேவையே இல்லாத ஒன்றும் கூட வந்தது. அழுகை.

குரு இரண்டு படி இறங்கிவிட்டார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அன்னிக்குப் பூ சொன்னது நான் சொன்னது. இன்னிக்கு இவங்க கேட்டது இவங்களாக் கேட்டுக்கிட்டது. அப்ப அவ? இத்தனை வருசத்துல அவ எனக்கு ஒரு பதிலும் சொல்லவே இல்லையா?"

குரு நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அவகிட்ட இன்னும் ஒண்ணும் கேக்கலைங்களே வாத்தியாரே."